லைப்ரரி மிஸ் பதில்கள்

ஐம்பத்து நாலு வயதில் இணையக் கருவிகளைக் கற்று என்ன செய்யப் போகிறீர்கள்?
– ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், விருதுநகர்

நீங்கள் கணக்கு வாத்தியார் என்பதால் உங்கள் ஆளையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன் சார். மாநிலக் கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். சில நாளிலேயே அலுத்துப்போய், பழைய வேலைக்கே அனுப்பிவிடுங்கள் என்று போய் நின்றார். அவரை லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளை போட்ட தகடு, திருகாணி, சக்கரம். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் கிரேன், பாலம், வண்டி. ஒரு புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டாக்கிப் பூட்டலாமே என்று அங்கே தோன்றியதுதான் 1933இல் கோலன் பகுப்புமுறையாக வெளிவந்தது. பொம்மைக் கடையில் பாடம் படித்தபோது அவருக்கு வயது முப்பத்து சொச்சம். எனக்கு அதைவிட இருபது கூட. வயதை மட்டும் கழித்துப் பாருங்கள், மூளையைக் கழிக்க ஆரம்பித்தால் எனக்கு மைனஸில் வரும்.

முதலில் கற்றுக்கொண்டது எது? கற்றுத் தந்தது யார்?
– நூலக அறிவியல் மாணவி, சிதம்பரம்

ரைட் கிளிக். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு. குருதட்சிணையாக லைப்ரரி பீரியடின் கடைசிப் பத்து நிமிடத்தைக் கிரவுண்டுக்குத் தாரைவார்த்தேன்.

கஹூட் வினாடி வினா நடத்தினால் பிள்ளைகள் போடும் சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் சண்டைக்கு வருகிறார். இது பாடமா, பொருட்காட்சியா?
– அறிவியல் ஆசிரியை, சேலம்

இரண்டும்தான். அப்பளம் வாங்கித் தராத பொருட்காட்சி. சத்தம் எனக்குப் பிரச்சினை இல்லை, வேகம்தான் பிரச்சினை. கஹூட்டில் சரியான விடைக்கு வழக்கமாக உச்சம் 1000 புள்ளி. யோசிக்க யோசிக்க அது கரையும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை கேள்வியை முடிப்பதற்குள் கெட்டிக்காரப் பிள்ளை பாட்டுக்கு ஆட ஆரம்பித்திருக்கும். எங்கள் ஏழாம் வகுப்பில் ஒரு பையன். விடையெல்லாம் தெரியும், கை மட்டும் நிதானம். மூன்று வாரம் தொடர்ந்து கடைசி. நாலாவது வாரம் வயிற்றுவலி என்றான்.

அதன் பிறகுதான் ப்ளிக்கர்ஸ் பக்கம் போனேன். பிள்ளைகள் கையில் போன் வேண்டாம், ஆளுக்கொரு அச்சடித்த அட்டை போதும். அதில் கறுப்புக் கட்டம்போல ஓர் உருவம். நாலு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. எந்த விடையோ அந்தப் பக்கம் மேலே வரும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். நான் முன்னால் நின்று என் போனை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு வீச்சு வீசினால், யார் என்ன சொன்னார்கள் என்று திரையில் விழும். ஒவ்வோர் அட்டையின் உருவமும் வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துத் திருப்பினால் வம்பில் முடியும். இலவசமாக 63 அட்டை வரை கிடைக்கிறது. எங்கள் வகுப்பில் 52 பேர். லேமினேஷன் செலவு மட்டும் கைக்காசு.

அந்தப் பையன் அட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்து, ஒரு தரம் திருப்பி, மறுபடி திருப்பி, பிறகு தூக்கினான். பத்துக்கு ஒன்பது. அன்று சாயங்காலமே புத்தகம் எடுத்துப் போனானா என்று கேட்காதீர்கள். இல்லை. மறுவாரம் எடுத்தான். கிரிக்கெட் புத்தகம்.

நூலகருக்கு எதற்கு இதெல்லாம்? புத்தகத்தை ஒழுங்காக அடுக்கினால் போதாதா?
– ஒரு தலைமை ஆசிரியர் (ஊர் வேண்டாம் என்கிறார்)

அடுக்கிவைப்பதற்குத் தச்சரே போதும் சார்.

புத்தகத்தில் கியூ.ஆர். கோடு ஒட்டினால் பிள்ளைகள் படிப்பார்களா?
– பள்ளி நூலகர், ஈரோடு

நான் ஒட்டியே பார்த்தேன். முதலில் ஆசிரியர் குறிப்பு, பதிப்பக விவரம் எல்லாம் வரும்படி செய்தேன். ஒரு பிள்ளைகூட இரண்டாம் முறை திறக்கவில்லை. செக்புக்கின் பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

பிறகு மாற்றினேன். புத்தகத்தைப் படித்து முடித்த பிள்ளை, கதையைப் பாதிவரை தன் குரலில் சொல்லி, சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் கூடாது. அந்தக் குரலுக்குத்தான் கோடு. நூலகத்து மூலையில் பழைய டேப்லெட் ஒன்று கட்டிப்போட்டிருக்கிறது, அதில் காட்டிக் கேட்கலாம். 'அப்புறம் அந்தக் கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தா...' என்று ஆறாம் வகுப்புக் குரல் ஒன்று நின்றுபோகும். டேப்லெட்டை வைத்துவிட்டு நேராக ரேக்குக்கு ஓடுவார்கள். நான் நம்புகிற அளவுகோல் ஒன்றுதான்: இஷ்யூ ரிஜிஸ்டரில் வரி கூடியிருக்கிறதா? கூடியிருந்தது.

இரண்டு குழிகளில் விழுந்தேன், நீங்கள் தாண்டிப் போங்கள். ஒன்று, டிரைவில் ஏற்றிய ஒலிப்பதிவை 'இணைப்பு உள்ள எவரும் கேட்கலாம்' என்று திறந்துவிட மறந்தேன். மறுநாள் என் மெயிலில் அனுமதி கேட்டு 43 விண்ணப்பம். இன்னொன்று, இலவசம் என்று ஒரு தளத்தில் செய்த கோடுகள் சில வாரத்தில் ஒட்டுமொத்தமாக உயிரை விட்டன. விசாரித்தால், கோட்டுக்குள் இருந்தது என் முகவரி இல்லை, அவர்கள் முகவரியாம். அது வழியாகத்தான் என் இடத்துக்குப் போகிறது. இலவசக் கெடு முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். மாற்ற முடியாத, முகவரியை நேரடியாகத் தன்னுள் வைத்திருக்கும் சாதாரணக் கோடே போதும். அதற்குச் சாவே கிடையாது. ஒட்டிய பசையைத் தின்ன வரும் பூச்சி வேறு விஷயம்.

மாணவர்கள் ஏ.ஐ.யிடம் கேட்டுக் கட்டுரை எழுதுகிறார்கள். நீங்கள் எந்தக் கட்சி?
– தமிழாசிரியை, கும்பகோணம்

நான் அதனிடம் ஏமாந்தவர்கள் கட்சி. போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, சோழர் கால நீர்ப்பாசனம் பற்றி ஐந்து புத்தகம் வேண்டும் என்று பட்டியலோடு வந்தாள். ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் பக்காவாக இருந்தது. நமக்குத்தான் மானப் பிரச்சினை, இல்லை என்று சொல்ல வாய் வருமா? ரேக் ரேக்காகத் தேடினேன். பைண்டிங்குக்குப் போன கட்டைப் பிரித்தேன். ஒரு பதிப்பகத்துக்குப் போன் போட்டேன். 'அப்படி ஒரு புத்தகம் நாங்க போட்டதே இல்லீங்களே' என்றார்கள். ஐந்தில் மூன்று பிறக்காத புத்தகம். ஆசிரியர் பெயர் நிஜம், தலைப்பு கற்பனை. பொய் சொல்கிறவர்கள் கொஞ்சமாவது தடுமாறுவார்கள், பட்டியல் போட்டுத் தந்த ஏ.ஐ.க்கு அந்த வெட்கமும் கிடையாது.

கோபம் ஆறியதும் அதையே பாடமாக்கினேன். ஆறு புத்தகப் பெயர் கொடுப்பேன், இரண்டு போலி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பெரிய நூலகங்களின் பட்டியலிலும் தேடிப் பிடிக்க வேண்டும். துப்பறியும் சாம்பு மாதிரி அலைந்தார்கள். முதல் நாள், போலி என்று ஒரு கூட்டம் ஒருமனதாகக் கைகாட்டியது சதாசிவப் பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் வரலாறு'! ரேக்கிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். தூசி பறந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒருவன், 'நிஜப் புத்தகம்னா இப்படித்தான் மிஸ் தும்மல் வரும்' என்றான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கட்டுரையை ஏ.ஐ. எழுதித் தர விடாதீர்கள். அது எழுதிய கட்டுரையில் பிள்ளைகளைத் தப்புக் கண்டுபிடிக்க விடுங்கள். அதில் நம் பிள்ளைகளை அடிக்க ஆளில்லை, பல வருடமாக நம்மிடமே பயின்றவர்கள்.

எங்கள் பள்ளி நூல் பட்டியலை இருபது வருடம் முன்பு கணினியில் ஏற்றினோம். இப்போது இணையத்தில் போட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. அத்தனையும் மறுபடி அடிக்க வேண்டுமா?
– அலுவலக உதவியாளர், நாகர்கோவில்

வேண்டாம், பேய் ஒன்றும் பிடிக்கவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். அதில் 'தமிழ்' என்று நாம் பார்ப்பதை, கணினி ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் எழுதிவைத்திருக்கிறது. முகத்துக்கு மட்டும் தமிழ் முகமூடி. எழுத்துரு இல்லாத இடத்தில் முகமூடி கழன்றுவிடும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி இலவச மாற்றிகள் இருக்கின்றன. எந்த எழுத்துரு என்று சரியாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் யூனிகோடாக்கித் தந்துவிடும். ஒரேயடியாக ஐயாயிரம் வரியைப் போடாமல் முதலில் பத்து வரி போட்டு, கொம்பும் காலும் புள்ளியும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அப்புறம் தேடல் தானாக வேலை செய்யும்.

பொன்னியின் செல்வன் பி.டி.எஃப்பை மாணவர் வாட்ஸப் குழுவில் போடலாமா?
– வகுப்பாசிரியர், தஞ்சாவூர்

போடலாம். கல்கி 1954இல் மறைந்தார். நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுதான் உரிமை. அது முடிவதற்கு முன்பே அவர் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. குறிப்பிட்ட பதிப்பின் ஓவியத்துக்கும் முன்னுரைக்கும் தனி உரிமை இருக்கலாம், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் சுத்தமான பிரதி இருக்கிறது. 1998இலிருந்து தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து சேர்க்கிறார்கள். போன மாதம் வந்த நாவலைப் போடலாமா என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.

நெட் வாரத்தில் மூன்று நாள் வராது. நாங்கள் எந்தக் கருவியைக் கற்பது?
– தொடக்கப் பள்ளி ஆசிரியர், கொல்லிமலை

கிவிக்ஸ் என்று ஓர் இலவச மென்பொருள். நெட் வருகிற நாளில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளலாம். பிறகு நெட்டே இல்லாமல் திறந்து தேடலாம். ஸ்டோரிவீவர் தளத்தில் பிரதம் புக்ஸ்காரர்கள் போட்டிருக்கும் தமிழ்க் கதைகளையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாலு வாசிப்பு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். அச்செடுத்துக் கொடுக்கும்போது நிலை எண் தெரிகிற இடத்தை மடித்துவிடுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை கையில் 'நிலை 1' என்று இருந்தால் புத்தகத்தைப் பைக்குள் ஒளித்துக்கொள்ளும்.

அந்தக் கதைகளை நாமே மொழிபெயர்த்தும் ஏற்றலாம். எங்கள் பிள்ளைகள் ஒன்றை எடுத்துக்கொண்டு, கதையில் வரும் கிழவரைத் 'தாத்தா' என்பதா 'பாட்டையா' என்பதா என்று ஒரு பீரியட் முழுக்கச் சண்டை போட்டார்கள். கரிசல்காட்டுப் பிள்ளைகள். பாட்டையாதான் ஜெயித்தார்.

மூன்று வருடம் பாடம் சேர்த்துவைத்த இணையப் பலகையை மூடிவிட்டார்கள். இனி எதை நம்பிக் கற்பது?
– பட்டதாரி ஆசிரியை, கோவை

துக்கம் விசாரிக்க நானும் வரிசையில் நிற்கிறேன். கூகுள் ரீடர் 2013இல் போனது. விக்கிஸ்பேசஸ் 2018இல். ஃபிளாஷ் 2020 டிசம்பரோடு. ஜாம்போர்டு 2024 டிசம்பரோடு. இருந்தாலும் கற்கலாம். 2006இல் அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் பிளோவர்ஸ் என்பவர் ஊழியர்களுக்கு 23 சின்னச் சின்ன வேலை கொடுத்தார். படம் ஏற்று, ஒரு வலைப்பூ திற, ஒலிப்பதிவு தேடு, இப்படி. வகுப்பு கிடையாது, அவரவர் நேரத்தில் விளையாடிப் பார்க்க வேண்டியதுதான். முடித்தால் எம்.பி.3 பிளேயர் பரிசு. உலகெங்கும் நூலகங்கள் அதைக் காப்பியடித்தன. அதில் சொன்ன தளங்கள் பலவும் இன்று இல்லை, அந்த பிளேயரைத் தேடினாலும் ஏதாவது மேஜை டிராயரில்தான் கிடைக்கும். ஆனால் அன்று பட்டனைப் பயப்படாமல் அமுக்கிப் பழகியவர்கள் அடுத்து வந்ததையும் அமுக்கினார்கள்.

என் வழக்கம்: பாடத்தைத் திரும்ப இறக்கிக்கொள்ள வழி இல்லாத கருவியில் பாடம் ஏற்றுவதில்லை. பருவம் முடிந்ததும் எல்லாம் ஒரு பென் டிரைவுக்கு. அந்தப் பென் டிரைவ் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு வாரமாகத் தேடுகிறேன்.

அச்சுப் புத்தகம் கண்ணெதிரே இருக்கும்போது அதை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவது வீண் வேலை இல்லையா?
– வாசகர், திருச்சி

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுவடிகளும் நூல்களுமாக ஏறக்குறைய 97,000 போயின. ஒற்றைப் பிரதியாக இருந்தவை போனது போனதுதான். 2005 முதல் 'நூலகம்' என்ற அமைப்பு ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், பள்ளி மலர்கள், கோயில் மலர்கள் வரை மின்வடிவமாக்கி வைத்துவருகிறது. அதைப் பார்த்துத்தான் எங்கள் பள்ளியின் 1962ஆம் ஆண்டு மலரை ஒன்பதாம் வகுப்பு போனில் படமெடுத்துச் சேர்த்தது. 34ஆம் பக்கத்தில் ஒருத்தியின் தாத்தா ஓட்டப் பந்தயக் கோப்பையோடு நிற்கிறார்.

மிஸ், லைப்ரரி வைஃபை பாஸ்வேர்டு என்ன?
– 8 'பி' (பெயர் எழுதவில்லை, கையெழுத்து தெரிகிறது)

நம் நூலகத்தில் இதுவரை ஒருத்தர்கூட எடுக்காத ஒரு புத்தகத்தின் 3ஆம் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். எந்தப் புத்தகம் என்று சொல்ல மாட்டேன்.