கறி வேகிறது, கணவர் உழைக்கிறார்

சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஊருக்கு ஊர் ஒரு கௌரவமான பெயர் உண்டு. ஆசிரமத்தில் தியானம், ஐ.டி. கம்பெனியில் பெஞ்ச், டெக்சாஸில் பார்பிக்யூ.

ஆஸ்டினுக்குக் குடிவந்த பிறகு எங்கள் வீட்டுக்காரர் இதில் கரைகண்டுவிட்டார். ஆபீசுக்கு எழுப்பினால் போர்வையை இழுத்து மூடுகிற மனிதர், சனிக்கிழமையானால் மூன்று பவுண்டு சக் ரோஸ்ட்டுக்காக விடியுமுன்பே எழுந்து கொல்லைப்புறம் போகிறார்.

சக் என்பது மாட்டின் தோள்பட்டைக் கறி. நடந்து நடந்து உரமேறிய சதை, உள்ளே நிறைய கொலாஜன். நாகர்கோவிலில் எங்கள் அம்மா இந்த மாதிரிக் கறியைக் குக்கரில் போட்டு, விசில் எண்ணி இறக்கி, தேங்காய்க் கொத்தும் மிளகும் போட்டு வறுத்து, எல்லாருக்கும் பரிமாறிப் பாத்திரமும் கழுவிவிடுவார். இவருக்கு எட்டு மணி நேரம் ஆகிறது. "கொலாஜன் ஜெலட்டினா மாறணும்மா, அவசரப்படுத்தக் கூடாது" என்கிறார். குக்கரிலும் அதுதான் மாறுகிறது. என்ன, அங்கே புகையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது.

மசாலா? உப்பு, மிளகு, அவ்வளவுதான். போஸ்ட் ஓக் கட்டை, 225 டிகிரி ஃபாரன்ஹீட். புகை மெல்லிசாக நீலம் பூத்து வர வேண்டும், வெள்ளையாக மண்டினால் கறி கசக்கும். பார்பிக்யூ அடுப்பின் மூடியைத் திறந்தால் சூடு போய்விடும். ஆக, சமையல்காரரின் முக்கியமான பணி திறக்காமல் இருப்பது. அதை அவர் மடக்கு நாற்காலியில் சாய்ந்து, கையில் ஜில்லென்று ஒரு பீரோடு, மும்முரமாகச் செய்துகொண்டிருப்பார். "ஏங்க, அந்தத் துணியைக் கொஞ்சம் மடிச்சு வைங்களேன்" என்றால், "கறி வெந்துக்கிட்டிருக்குல்ல?" என்பார். கறிதானே வேகிறது, இவரா வேகிறார்?

மதியவாக்கில் கறியின் உள்சூடு 160 டிகிரிப் பக்கம் வந்து நின்றுவிடும். மேலே கசியும் ஈரம் ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோய்விடுவதால், தாலுகா ஆபீஸ் ஃபைல் மாதிரி மணிக்கணக்கில் அசையாது. வழியும் அதே வழிதான்: கவர் போட வேண்டும். அலுமினிய ஃபாயிலில் இறுக்கிச் சுற்றி உள்ளே தள்ளினால் டிகிரி மறுபடி ஏற ஆரம்பிக்கும். 203-ஐ எட்டி, தெர்மாமீட்டர் கம்பி தடையே இல்லாமல் கறிக்குள் இறங்கினால் அதுதான் பதம். அப்புறம் கறி ஒரு மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டுமாம். துணைக்கு இவரும் எடுப்பார்.

இந்த ஊரில் இதைக் கிண்டலும் செய்ய முடியாது. ஆஸ்டினுக்குத் தெற்கே இருக்கும் லாக்ஹார்ட்டை 'டெக்சாஸின் பார்பிக்யூ தலைநகர்' என்று 1999-இல் சட்டமன்றமே தீர்மானம் போட்டிருக்கிறது. பிரிஸ்கெட் என்கிற மாட்டு நெஞ்சுக்கறிக்குப் பேர்போன ஆஸ்டின்காரர் ஆரன் ஃபிராங்க்ளினுக்கு 2015-இல் ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. எங்கள் பாட்டியும் ஊதாங்குழலும் கையுமாக ஆயுசு முழுக்கப் புகையில்தான் நின்றார். அவருக்குக் கிடைத்தது இருமல்.

சாயங்காலம் விருந்தாளிகள் வருவார்கள். கன்னங்கரேலென்ற மேல்தோல், அதன் அடியில் ரோஸ் நிறத்தில் ஒரு விளிம்பு, முள்கரண்டியை வைத்ததும் பிரிகிற நார். சும்மா சொல்லக் கூடாது, சும்மா இருந்தே மனிதர் அமிர்தமாகச் செய்துவிடுகிறார். "கலக்கிட்டீங்கண்ணா!" என்று ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். சோறு, ரசம், கோஸ் பொரியல் எல்லாம் மேஜைக்குத் தானே நடந்து வந்தவை.

யோசித்துப் பார்த்தேன். இட்லி மாவு புளிக்கவும் எட்டு மணி நேரம் ஆகிறது. குளிர்காலத்தில் ஓவனுக்குள் லைட்டைப் போட்டு வைக்க வேண்டும். திறந்து திறந்து பார்த்தால் கதகதப்பு போய்விடும். பொறுப்பான ஆள் ஒருவர் கூடவே இருப்பது நல்லது. போன ஞாயிற்றுக்கிழமை ஓவனுக்கு எதிரே அந்த மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா, சிங்க்குல பாத்திரம் அப்படியே கிடக்கு?" என்றார்.

"மாவு புளிச்சுக்கிட்டிருக்குல்ல?" என்றேன்.