வில், ஷல், மே: நாளைக்கு யார் ஜாமீன்?

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

லண்டனிலிருந்து எழுதுகிறேன். குளிர் கொஞ்சம் கடுமை, இங்கிலீஷ் அதைவிடக் கடுமை. தங்கச்சி ஐஇஎல்டிஎஸ் பரீட்சைக்குப் படிக்கிறாள், நாளைக்கு நடக்கப்போவதை எந்த வார்த்தை போட்டுச் சொல்வது என்று குழம்புகிறாள், நாலு வரியில் விளக்கி எழுது என்று கேட்டிருந்தீர்கள். நாலு வரியில் அடங்குகிற சமாச்சாரமா இது? உலகத்துக்கே டைம்டேபிள் போட்டுக் கொடுத்த இந்த ஜனங்களின் வினைச்சொல்லில் எதிர்காலத்துக்கென்று ஒரு விகுதிகூடக் கிடையாது. 'நடந்தான்' என்பதற்கு 'வாக்ட்' இருக்கிறது. 'நடப்பான்' என்பதற்கு ஒற்றைச் சொல் இல்லை. ஆகவே மற்ற வினைகளிடம் கைமாற்று வாங்கியிருக்கிறார்கள். 'வில்' பழைய இங்கிலீஷில் விரும்புவதைக் குறித்தது, 'ஷல்' கடன்பட்டிருப்பதை. 'கோயிங் டு' வெறுமனே போய்க்கொண்டிருப்பது. ஆசை, கடன், கால்நடை ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு சாம்ராஜ்யமே நாளையைப் பற்றிப் பேசியிருக்கிறது.

இதை ஒழுங்குபடுத்தவும் பார்த்தார்கள். ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர் 1653-இல் இங்கிலீஷுக்கு லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். 'நான்' என்று தொடங்கினால் வெறுமனே நடக்கப்போவதற்கு 'ஷல்', உறுதிக்கும் மிரட்டலுக்கும் 'வில்'. 'நீ', 'அவன்' என்றால் இது தலைகீழ் என்று விதித்தார். பின்னால் வந்த வாத்தியார்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அதை வைத்து ஒரு பழைய ஜோக்கும் உண்டு. தண்ணீரில் தத்தளித்த ஸ்காட்லாந்துக்காரர் இரண்டையும் இடம் மாற்றிக் கத்திவிட, 'மூழ்கியே தீருவேன், எவனும் காப்பாற்றக் கூடாது' என்று அர்த்தமாகிப்போய், கரையிலிருந்த இங்கிலீஷ்காரர்கள் அவர் விருப்பத்துக்கு மரியாதை கொடுத்துச் சும்மா நின்றார்களாம்.

நாம் மட்டும் என்ன வாழ்ந்தோம்? 'வருவேன்' என்று அழகான எதிர்காலம் கையில் இருக்க, 'போய்ட்டு வரேன்' என்று நிகழ்காலத்தில் விடைபெறுகிறோம். நம் பள்ளிப்பட்டுக் கடைத்தெருவில் தெலுங்கில் 'வஸ்தானு' என்றால் இனிமேல் வருவதும் வழக்கமாக வருவதும் அதே ஒரு சொல்தான். தறி மெக்கானிக் போனில் 'வந்துட்டேன்' என்றால் இன்னும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை என்று பொருள். அவரைப் பொய்யர் என்று சொல்லவும் முடியாது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்கள் இருந்தால் காலத்தை மாற்றிச் சொல்லலாம் என்று நன்னூலில் பவணந்தியார் அனுமதி கொடுத்திருக்கிறார். மெக்கானிக் விரைவின் பேரில் தப்பித்துக்கொள்வார். ஆக, இலக்கணத்தில் எதிர்காலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆள் வந்து சேருவது வேறு விஷயம். நாளையைப் பற்றிய ஒரு சொல்லுக்கு எவ்வளவு பலம் என்பது, சொன்னபடி நடக்காவிட்டால் யார் போய்க் கேட்க முடியும் என்பதைப் பொறுத்தது என்பதே என் கட்சி.

இதற்கு நம் மாநிலத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். இந்திதான் ஆட்சிமொழி, ஆனால் பதினைந்து ஆண்டுகள் இங்கிலீஷும் தொடரும் என்றது அரசியல் சட்டம். அந்தக் கெடு 1965 ஜனவரி 26. அதற்குப் பிறகு என்ன என்பதற்காக 1963-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதில் இங்கிலீஷ் தொடர 'மே' என்று போட்டிருந்தார்கள். தொடரலாம், தொடராமலும் போகலாம். இந்தச் சட்டத்தில் 'மே' என்றாலும் 'ஷல்' என்றாலும் ஒன்றுதான் என்றார் பிரதமர் நேரு. ஒன்றுதான் என்றால் 'ஷல்' என்றே போட்டுவிடலாமே என்று கேட்டார்கள் எதிர்த்தவர்கள். நேருவின் வாக்கே போதாதா என்று அன்றைக்கும் வாதம் இருந்தது. நல்ல மனிதர், நல்ல வாக்கு. ஆனால் 1964 மே மாதம் அவர் மறைந்துவிட்டார். வாக்கைப் போய் யாரிடம் கேட்பது? 1965-இல் தமிழ்நாடு பற்றி எரிந்தது. 1967 திருத்தத்தைப் பாருங்கள்: மூன்றாம் பிரிவின் தொடக்கத்தில் அந்த 'மே' இன்னமும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இந்தியை ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு இங்கிலீஷில்தான் தொடர்புகொள்ள வேண்டும் என்று 'ஷல்' போட்டார்கள். கூடவே, அத்தகைய மாநிலங்கள் எல்லாவற்றின் சட்டமன்றங்களும் இங்கிலீஷ் வேண்டாம் என்று தீர்மானம் போடும்வரை இந்த ஏற்பாடு நீடிக்கும் என்று பூட்டும் போட்டார்கள். 'ஷல்' மரியாதைக்கு; காவல் காப்பது பூட்டு.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். 'லைக்லி' என்றால் நம் வானிலைத் துறையின் கணக்கில் 25 முதல் 50 சதவீதம். பருவநிலை பற்றிய ஐ.நா. குழுவான ஐபிசிசியின் அறிக்கையிலோ அதே சொல்லுக்கு 66 சதவீதத்துக்கு மேல். அம்மப்பள்ளி அணையைத் திறந்துவிடும் காலத்தில் கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலத்தைத் தாண்டப்போகிறவர், யாருடைய 'லைக்லி' என்று விசாரித்துவிட்டுக் காலை வைப்பது உத்தமம்.

'அங்கே ரயில் சொன்ன நேரத்துக்கு வருகிறதே, அது அந்த மொழியின் குணம் இல்லையா?' என்று நீங்கள் கேட்பீர்கள். முதலில், எப்போதும் வருவதில்லை. இரண்டாவது, பதினைந்து நிமிடம் தாமதமானால் ஒருவழிக் கட்டணத்தில் கால் பங்கைப் பல கம்பெனிகள் திருப்பித் தர வேண்டும். அதே ஊரில், அதே இங்கிலீஷில், குழாய் ரிப்பேர்காரர் சொல்லும் 'வில்'லுக்குப் பின்னால் காசு இல்லை. ஆகவே ஆளும் இல்லை. மொழியின் குணம் என்ற வாதம் ஆராய்ச்சியிலும் உண்டு. எதிர்காலத்தைத் தனியாகக் குறிக்கும் மொழிக்காரர்கள் குறைவாகச் சேமிக்கிறார்கள் என்று 2013-இல் கீத் சென் என்ற பொருளாதார அறிஞர் எழுதினார். மொழிகளுக்குள் இருக்கும் உறவுமுறையையும் கணக்கில் சேர்த்து, அவரும் மற்றவர்களும் 2015-இல் மறுபடி பார்த்தபோது அந்தத் தொடர்பு வலுவிழந்தது. சேமிப்பைச் சீட்டு பிடிப்பவரிடம் ஒப்படைத்துத் தவணை தவறாமல் கட்டும் நம் ஜனங்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

அப்படியானால் தங்கச்சி இதையெல்லாம் படிக்கவே வேண்டாமா? கட்டாயம் படிக்க வேண்டும். என் கட்சிப்படியே, மார்க்கைக் குறைக்க ஓர் ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார் அல்லவா? அந்த நொடியில் முடிவு செய்தால் 'வில்'. முன்பே நினைத்து வைத்தது 'கோயிங் டு'. நாள் குறித்து ஏற்பாடு செய்துவிட்டது 'ஐ ஆம் மீட்டிங்'. ரயில், பஸ் புறப்பாட்டுக்குச் சாதா நிகழ்காலமே போதும். இவ்வளவையும் மனப்பாடம் செய்தபின், ஸ்ரீசிட்டியிலோ கும்மிடிப்பூண்டியிலோ இன்டர்வியூ முடிந்து 'வீ வில் லெட் யூ நோ' என்று யாராவது சொன்னால் இலக்கணத்தை ஆராய வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்தத் தேதிக்குள், யாரிடம் கேட்கலாம் என்று இரண்டே கேள்வி. பதில் வந்தால் அது எதிர்காலம். வராவிட்டால் வழியனுப்பு உபசாரம்.

சித்திக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்