கரண்டியில நிக்கோணும் கஞ்சி

32 சாமான் போட்டு அரைச்ச சத்துமாவாமா? எங்க, அந்தப் பொட்டலத்தை இப்பிடிக் குடு கண்ணு. ராகி, கம்பு, சோளம், தெனை, சம்பா கோதுமை, பொட்டுக்கடலை, பாதாம், பிஸ்தா, அக்ரூட்டு, ஏலக்காய், சுக்கு... நெம்ப நல்லா இருக்குது. சேந்தமங்கலம் கடைவீதியில இருக்கற மளிகை பூராவும் உள்ள வந்திருச்சு. வராதது சீமெண்ணெயும் கட்டுக்கயிறும்தான்.

புள்ளைக்கு ஆறு மாசம் நேத்துத்தான் முடிஞ்சுது. சோத்துப் பருக்கை எப்பிடி இருக்கும்னே அதுக்குத் தெரியாது. மொத நாளே 32 பேரை ஒண்ணாக் கூட்டியாந்து முன்னால நிறுத்தறீங்க. கலியாணத்தன்னைக்கு மாப்பிள்ளைங்களுக்கு நம்ம பங்காளி, மாமன் மச்சான் அத்தனை பேரையும் ஒரே மூச்சுல காட்டினமே, இன்னைக்கு வரைக்கும் அவருக்கு யாரு எந்த மாமன்னு தெரியுதாக்கும்? நாளைக்குப் புள்ளை மேலெல்லாம் தடிச்சுப் போனா, அந்த 32-ல எவன் செஞ்ச வேலைன்னு எந்த டேசன்ல போயிக் கேப்பே? ஒண்ணைக் குடு. மூணு நாள் பாரு. ஒத்துக்கிச்சுன்னா அப்பறமேலுக்கு அடுத்தது.

சோறூட்டறதை நைனாமலைப் பெருமாள் கோயல்லதான் வெக்கோணும்னு உங்க மாமியா சொன்னாங்களாமா. புரட்டாசிச் சனிக்கெழமை வேறயா! பேசா வெச்சுக்கலாம். அதுக்குள்ள புள்ளைக்கு ஒம்பது மாசம் ஆயிரும், அவ்வளவுதான். பெருமாள் எத்தனை மாசம்னாலும் காத்திருப்பாரு சாமி, புள்ளை வயிறு காத்திருக்காது. உங்கம்மா பொறந்தப்ப நாலு மாசத்துலயே ஆரம்பின்னு டாக்டருங்களே சொன்னாங்க. 2001-ல ஜெனீவாவுல உலக சுகாதார நிறுவனத்துக்காரங்க கூடி உக்காந்து, ஆறு மாசம் முடியற வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர ஒண்ணும் வேண்டாம்னு முடிவு கட்டினாங்க. முன்னால போனாலும் ஆகாது, பின்னால தள்ளினாலும் ஆகாது. ஏன்னு கேளு. ஆறு மாசத்துக்கு வேணுங்கற இரும்புச்சத்தைத் தாய் வயித்துக்குள்ளயே கட்டிக்குடுத்துத்தான் அனுப்பியிருக்கறா. இப்ப அந்தக் கட்டுச்சோறு தீந்துபோச்சு. பால்ல அது சித்தம்தான் வரும்.

மாப்பிள்ளைங்க நேத்துக் காச்சின கஞ்சியையும் பாத்தனுங்க. கொறை சொல்லலைங்க, ஆம்பளை அடுப்படிக்கு வந்ததே பெரிய சங்கதி. ஆனாக் கஞ்சியை வட்டல்ல ஊத்தினதும், வட்டல்ல வெட்டியிருந்த எங்கூட்டுக்காரரு பேரு இனிசியலோட தெரிஞ்சுதுங்க. அது கஞ்சி இல்லைங்க, கஞ்சி காச்சின சட்டியைக் கழுவின தண்ணி.

நான் சொல்றது கதையில்ல. புள்ளையோட எடையில ஒரு கிலோவுக்கு 30 மில்லிதான் வயித்துல எடம். ஏழு கிலோப் புள்ளைக்கு 210 மில்லி, ஒரு டம்ளருக்கு மேல சித்தம். அந்த டம்ளரைத் தண்ணியிலயே ரொப்பிட்டா சோத்துக்கு எங்க எடம்? வயிறு ரொம்பித் தூங்கும், ஒடம்புல ஒட்டாது. ஆறுல இருந்து எட்டு மாசம் வரைக்கும் தாய்ப்பாலுக்கு மேல நாளைக்கு 200 கலோரி வேணுமாமா, ஒம்பதுக்கு மேல 300, வருசம் தாண்டினா 550. கணக்குப் பாக்கத் தெரியாதவளுக்கு நான் வேற சொல்லுவேன்: கரண்டியைச் சாச்சுப் பாரு, நின்னு யோசிச்சு விழுந்தாக் கஞ்சி, சரசரன்னு ஓடினா அதை ரோசாச்செடிக்கு ஊத்து.

கெட்டியாக் காச்சினா எறங்க மாட்டேங்குது, தண்ணியாக் காச்சினாச் சத்தில்ல, நான் என்ன பண்றதுங்கறியா? இப்பக் கேட்டியே, இது கேள்வி. ராகியைக் கல்லு அரிச்சு, நாலஞ்சு தண்ணி கழுவி, ராத்திரி ஊறப்போடு. காலையில வடிச்சு வெள்ளைத்துணியில கட்டித் தொங்கவிட்டு, துணி காயாமத் தண்ணி தெளி. ஒருநா, ரெண்டுநாள்ல வெள்ளை வெள்ளையா மொளை எட்டிப் பாக்கும். அதை நல்ல வெயில்ல காயவெச்சு, கையால தேச்சு மொளையைப் பொடைச்சுத் தள்ளிட்டு, சட்டியில லேசாச் சூடு காட்டி அரைச்சுக்கோ. ஈரம் ஒரு பொட்டு இருந்தாலும் பூஞ்சை புடிச்சுரும். வாசத்துக்கு ஆசைப்பட்டுக் கருக வறுத்தீன்னா சூட்சுமம் செத்துப்போயிரும்.

சூட்சுமம் என்னன்னா, மொளை விடற தானியத்துக்குள்ள அமிலேஸுன்னு ஒரு நொதி ஊறுது. மாவுச்சத்தைத் துண்டு துண்டா வெட்டறதே அதுக்கு வேலை. களிமாதிரி கெட்டியாக் காச்சின கஞ்சியை எறக்கி, சித்த ஆறினதும் ஒரு தேக்கரண்டி மொளைமாவைப் போட்டுக் கலக்கு. கண்ணு முன்னாலயே எளகிரும். ஒரு சொட்டுத் தண்ணி சேக்கல, சத்து ஒரு குந்துமணி கொறையல, ஆனாப் புள்ளை வாயில வழுக்கிட்டுப் போவும். மறுக்கா ஒரு கொதி விட்டு எறக்கிக் குடு. 1980-கள்ல பரோடா யுனிவர்சிட்டியில தாரா கோபால்தாஸுன்னு ஒரு அம்மா இதை ஆராஞ்சு எழுதினாங்க. பாலவாடி ட்ரெயினிங்குல எங்களுக்குப் பாடம் எடுத்தப்ப நான் எந்திரிச்சு, “இதை எங்க மாமியாளே சொல்லியிருக்கறாங்களே”ன்னேன். வாத்தியாரம்மாவுக்கு மொகம் சுண்டிப்போச்சு.

அந்தப் பாலவாடியிலதான் ஆயாவா இருந்தேன். 1982-ல எம்.ஜி.ஆரு சத்துணவு கொண்டாந்தப்ப, ரெண்டு வயசு ஆன புள்ளைக்குத்தான் சோறு. அதுக்குக் கீழ இருக்கறதுக பாடு தாய்க்காரி பாடு. மதுரைப் பக்கம் 1980-லயே வேற மாதிரி பண்ணினாங்க. மூணு வயசுக்குக் கீழ இருக்கறதுகளை மாசாமாசம் எடை போட்டு, தேயற புள்ளையைப் பாத்து உருண்டை குடுத்தாங்களாமா. அதுதான் புத்தி. நீ புள்ளையை மாசம் பத்து போட்டோ எடுக்கறே. ஒருக்கா எடை எடுத்தியா?

ராகியில 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் பக்கம் சுண்ணாம்புச்சத்து. அரிசியில 10-ஐத் தாண்டறதே பாடு. அதுக்காக ராகியே தெய்வம்னு கும்பிட்டுக் கெடக்காதே, இரும்புக்கு அது பத்தாது. இரும்புக்கு ஈரல் இருக்குது, முருங்கைக்கீரையில ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம் புழிஞ்சு மசிக்கலாம், முட்டை இருக்குது. என்னது, முட்டை ஒரு வருசம் கழிச்சா? நல்ல கூத்து! நாமக்கல்லு முட்டை லாரி ஏறிக் கேரளாவுக்குப் போவுது, கப்பலேறி அரபு நாட்டுக்குப் போவுது, நம்மூர்ப் புள்ளை வாய்க்கு வர மட்டும் அதுக்கு வழி தெரியலையாக்கும்! அதெல்லாம் பழைய வைத்தியம். தள்ளிப்போடறதுல லாபமில்லைன்னு இப்ப டாக்டருங்களே சொல்றாங்க. நல்லா வேகவெச்சு, மொதல்ல மஞ்சக்கருவைப் பால்ல கொழைச்சுக் குடு, தடிப்புக் கிடிப்பு இல்லைன்னா வெள்ளையும் சேத்துக்கோ.

ஜவ்வரிசிக் கஞ்சி பத்திக் கேட்டே. நம்ம மண்ணுல வெளைஞ்ச குச்சிக்கெழங்கு, நம்ம ஊர்ச் சேகோ ஆலை. ரெண்டாவது ஒலகப்போருல மலேயாச் சரக்கு நின்னுபோனப்ப சேலத்துக்காரங்க கண்டுபுடிச்ச பொழப்பு. பெருமைதான். ஆனா அது வெறும் மாவுச்சத்து, முத்து முத்தா இருக்கற மாவுச்சத்து. வெரதத்துக்கு நாங்க குடிக்கறது, ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னுதானே?

கொல்லிமலைத் தேன் பாட்டலை மாப்பிள்ளைங்க எடுத்து உள்ள வெச்சிருங்க. 70 கொண்டைஊசி வளைவு ஏறிப்போயி வாங்கியாந்தீங்க, தெரியும். வருசம் திரும்பற வரைக்கும் தேன் தொடக்கூடாதுங்க. அதுல ஒரு வெசக்கிருமியோட விதை இருக்கலாம், பெரியவங்களை ஒண்ணும் பண்ணாது, பச்சைப்புள்ளை வயித்துல மொளைச்சுரும். நாக்குல தேன் தடவினா வாக்கு இனிக்கும்பாங்க. உங்க பெரிய மாமியாளுக்குப் பொறந்த அன்னைக்கே தடவினாங்களாமா. அவங்க பேசறதைக் கேட்டிருப்பீங்களே! சங்கு எடுத்துக்கிட்டுத் தெருவுல வர்ற கழுதைப்பால்காரனையும் வாசல்லயே தாட்டி விட்டுருங்க.

டப்பா மாவு நெம்ப சுத்தம்னு சொல்றே. சுத்தந்தான். 2024 ஏப்ரல்ல ‘பப்ளிக் ஐ’ங்கற சுவிட்சர்லாந்துக்காரங்க சோதிச்சுப் பாத்தாங்களாமா. அப்ப இங்க வித்த செரிலாக்குல ஒரு வேளைக்குச் சுமார் 3 கிராம் சக்கரை சேத்திருந்துது, ஜெர்மனியில வித்ததுல சேக்கவே இல்ல. நம்ம புள்ளைக மேல எத்தனை பாசம் பாரு, வெள்ளைக்காரப் புள்ளைக்குக் கூடக் குடுக்காம நமக்குன்னு எடுத்து வெச்சிருக்கறாங்க! சட்டப்படிதான் போட்டோம்னாங்க கம்பெனிக்காரங்க. அதே வருசம் அக்டோபர்ல சக்கரையில்லாததும் வருதுன்னாங்க. சக்கரையில்லாத மாவு நம்மகிட்ட ஏற்கெனவே இருந்துது, டப்பாதான் இல்ல.

அந்தக் கரண்டு ஆட்டாங்கல்லுல அடிச்சு அடிச்சு எல்லாத்தையும் வெண்ணெய் பண்றீங்களே, அதை எட்டு மாசத்தோட நிறுத்து. பல்லில்லைன்னா ஈறு இருக்குது. எனக்குப் பல்லு போயி எத்தனை வருசமாச்சு, முறுக்கு திங்கறனா இல்லையா? மசிச்சு, சித்தம் கட்டியாக் குடு. அரிசிம்பருப்புச் சோறு வடிக்கற வூடு இது. மொளகாயும் உப்பும் போடறதுக்கு முன்னால ரெண்டு கரண்டி தனியா எடுத்து, கொழைய மசிச்சு, ஒரு தேக்கரண்டி நெய்யி விடு. அதுலயே தண்டுக்கீரை, பூசணி, நாலு நாள் போனாக் கோழிக்கறித் துணுக்கு. புள்ளைக்குன்னு தனி அடுப்பே தேவையில்ல. ரெண்டு, மூணு வேளை போதும். ஒம்பது மாசத்துக்கு மேல மூணு, நாலு. வாயை மூடினா விட்டுரு, போனைக் காட்டி ஏமாத்தி ஊட்டாதே. கதவைச் சாத்தினவங்க வூட்டுக்குள்ள ஓட்டைப் பிரிச்சு எறங்கறதா?

மிச்சத்தைச் சாயங்காலத்துக்குன்னு மூடி வெக்காதே, புள்ளை எச்சில் பட்டது வெரசாக் கெட்டுப்போவும். அதுக்குத்தான் மாப்பிள்ளைங்க இருக்கறாங்க. ஏனுங்க, உப்புமில்லாம ஒறப்புமில்லாம ரெண்டு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆயிராதுங்க. உங்களுக்கும் பி.பி. இருக்குதுன்னு அன்னைக்குச் சொன்னீங்களே. அங்கயும் இங்கயும் தேடாதீங்க, உப்பு டப்பாவை நான் எடுத்து வெச்சிருக்கறனுங்.