தோர்தோன் கிராமங்களில் நண்பர் தேடுவோருக்கு: கேள்வி – பதில்

கேள்வி: ஐரோப்பாவின் நாட்டுப்புறத்தில் குடியேறினால் ஆங்கிலத்தில் பேச ஆள் கிடைக்குமா?

பதில்: ஊரைப் பொறுத்தது. தென்மேற்குப் பிரான்ஸின் தோர்தோன் மாவட்டம் என்றால் தாராளமாகக் கிடைக்கும். அங்கே எய்மே என்றொரு சிற்றூர். 1270இல் எழுந்த கோட்டை நகரம். இன்று ஏறத்தாழ 2,600 பேர் வாழ்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் பிரிட்டனிலிருந்து வந்தவர்கள். வியாழக்கிழமைச் சந்தையில் காய்கறிக்கு நடுவே ஆங்கிலப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஊருக்கு ஒரு கிரிக்கெட் கிளப்கூட உண்டு. ஆனால் எய்மேயை வைத்துப் பிரான்ஸை அளக்கக் கூடாது. அந்த நாட்டில் ஏறத்தாழ 35,000 ஊராட்சிகள். பாதிக்கும் மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஆங்கிலம் பேசும் ஒருவர் அகப்பட்டாலே பெரிது. வீடு வாங்க வருபவர்கள் பெரும்பாலும் கோடையில் வருகிறார்கள், கூரையைப் பார்க்கிறார்கள், கிணற்றைப் பார்க்கிறார்கள். ஜனவரி மாலை ஐந்தரை மணிக்கு அந்தத் தெருவில் எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: நூறாண்டுப் போரில் தோற்றுப்போன இங்கிலாந்து மறுபடியும் வந்துவிட்டதா?

பதில்: இந்த முறை வாளுக்குப் பதில் அடமானப் பத்திரத்தோடு வந்திருக்கிறது. பழைய கதை 1152இல் தொடங்குகிறது. தோர்தோன் அடங்கிய அக்கித்தேன் சீமையின் வாரிசான எலெனோர், ஹென்றியை மணந்தார்; இரண்டே ஆண்டில் ஹென்றி இங்கிலாந்தின் அரசரானார். மனைவி வழியாக வந்த அந்தச் சீமை மூன்று நூற்றாண்டு ஆங்கில முடியோடு பிணைந்து கிடந்தது. 1453இல் காஸ்தியோன் போர் அந்தப் பிணைப்பை அறுத்தது. இன்றைய வருகைக்குக் காரணம் காலி வீடுகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சுக் கிராமத்து இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட, கல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. தெற்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன வீட்டை விற்ற பணத்தில் இங்கே தோட்டத்தோடு பெரிய வீடு வாங்க முடிந்தது. ஆங்கில எழுத்தாளர் பீட்டர் மேய்ல் 1989இல் வெளியிட்ட நூல் புரொவான்ஸ் பகுதியைப் பற்றியதுதான் என்றாலும், பிரெஞ்சு நாட்டுப்புறக் கனவைப் பல பிரிட்டிஷ் வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. பின்னர் பெர்ஷெராக் விமான நிலையத்துக்கு மலிவு விமானங்கள் வந்து இறங்கின; கனவுக்குப் பயணச்சீட்டும் கிடைத்தது.

கேள்வி: சரி, அவர்களை எங்கே பிடிப்பது?

பதில்: சந்தை நாளில், சந்தையை ஒட்டிய காபிக் கடையில். பழைய ஆங்கிலப் புத்தக விற்பனைகளில். ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்கித்தேன் ஆங்கிலிக்கன் சபையின் வழிபாட்டில். பல ஊர்களில் கத்தோலிக்கத் தேவாலயமே அதற்கு இடம் தருகிறது. கிறிஸ்துமஸ் கரோல் மாலைக்கு நம்பிக்கை இல்லாதவர்களும் வருவார்கள். முகவரி தெரியாமல் தவிக்கும் புதியவருக்கு அந்த ஒரு மாலையில் பத்துப் பேராவது அறிமுகமாகிவிடுவார்கள்.

கேள்வி: ஆங்கிலம் பேசுபவர் என்றால் ஆங்கிலேயர் மட்டும்தானா?

பதில்: டச்சுக்காரர்களை மறந்துவிடக் கூடாது. தோர்தோனில் அவர்களும் நிறைய இருக்கிறார்கள், ஆங்கிலம் சரளம். அவர்களும் வந்தேறியவர்கள் என்பதால் புதியவரின் தவிப்பு சொல்லாமலே புரியும்.

கேள்வி: மதியம் 12 முதல் 2 வரை ஊரில் ஒருவரையும் காணோமே?

பதில்: சாப்பிடுகிறார்கள். அந்த நேரத்தில் யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது.

கேள்வி: கடைக்குள் நுழைந்து பணிவாகத்தான் ரொட்டி கேட்கிறார் ஒருவர். ஆனாலும் கடைக்கார அம்மாள் முகம் இறுகுகிறதே?

பதில்: 'போன்ஜூர்' சொல்லாமல் கேட்டிருப்பார். பிரெஞ்சுக் கிராமத்தில் வணக்கம் சொன்ன பிறகுதான் மனிதர் கடைக்குள் வந்ததாகக் கணக்கு. மருத்துவர் வீட்டுக் காத்திருப்பு அறையில் நுழைந்தாலும் அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்குமாக ஒரு போன்ஜூர் சொல்ல வேண்டும். வேறு பிரெஞ்சு தெரியாதவரும் இந்த ஒன்றைத் தவறாமல் சொன்னால் ஊர் அவரைக் கவனித்து வைத்துக்கொள்ளும்.

கேள்வி: பிரெஞ்சு சரியாக வராதவர் ஊரோடு எப்படி ஒட்டுவது?

பதில்: சங்கம் வழியாக. 1901 ஜூலை 1ஆம் தேதிச் சட்டப்படி இரண்டு பேர் சேர்ந்தாலே பிரான்ஸில் ஒரு சங்கம் தொடங்கலாம். அதனால் சின்ன ஊரிலும் பல சங்கங்கள் இருக்கும். செப்டம்பரில் அவை எல்லாம் ஒரே இடத்தில் மேசை போட்டு உறுப்பினர் சேர்க்கும். அந்த ஒரு நாளைத் தவறவிடுவது ஆண்டு முழுவதையும் தவறவிடுவதற்குச் சமம்.

எந்தச் சங்கம் என்பதில் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். நாடகமும் விவாதமும் மொழி வந்தவர்களுக்கு. மொழி வராதவருக்கு நடைச் சங்கம் நல்லது: பக்கத்தில் நடப்பவர் மௌனமாக வந்தாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை, நாலு வார்த்தை பேசினால் அது போனஸ். பாட்டுக் குழுவும் அப்படியே. பேச வருவதற்கு முன்பே பாட வந்துவிடும். பெத்தாங் எனப்படும் இரும்புக் குண்டு விளையாட்டுக்குக் கையும் கண்ணும் போதும். ஊர் விழாக் குழுவில் சேர்ந்து நாற்காலி அடுக்குபவருக்கு எல்லாரையும்விடச் சீக்கிரம் பெயர் கிடைக்கும்.

கோடையில் ஊர் விருந்து நடக்கும். நீண்ட மேசை, கலந்து உட்காரும் வழக்கம். பல ஊர்களில் தட்டும் கத்தியும் முள்கரண்டியும் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அறிவிப்பில் அந்த வரியைப் படிக்காதவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் கடன் கேட்பார். அறிமுகம் அங்கேயே ஆகிவிடும். இன்னொன்று: அக்கம்பக்கத்தார் அழைப்பார்கள் என்று புதியவர் காத்திருப்பதுண்டு. மாலை ஆறரைக்கு ஒரு கோப்பை மதுவும் கொறிக்க ஏதாவதும் வைத்து அவரே முதலில் அழைத்துவிடுவது நல்லது.

கேள்வி: பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இந்த வட்டம் கலைந்துவிட்டதா?

பதில்: கலையவில்லை, மாறியது. முன்பே குடியிருந்தவர்கள் விலகல் ஒப்பந்தப்படி வதிவிட அட்டை வாங்கித் தங்கிவிட்டார்கள். விடுமுறை வீடு வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள் மட்டுமே தங்கலாம் என்பதால், மே மாதத்தில் கிடைத்த நண்பர் ஆகஸ்டில் கிளம்பிவிடுவார். பெரிய இழப்பு வேறு: 2020 உள்ளாட்சித் தேர்தலிலிருந்து பிரிட்டிஷ் குடிமக்களுக்கு வாக்கும் இல்லை, போட்டியிடும் உரிமையும் இல்லை. அதுவரை 700க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ்காரர்கள் பிரெஞ்சு ஊராட்சிகளில் உறுப்பினர்களாக இருந்தார்கள். ஊருக்கும் வந்தேறியவருக்கும் நடுவே பேசியவர்கள் அவர்கள்தாம். அந்த இடத்தை வேறு எதுவும் நிரப்பவில்லை.

கேள்வி: ஆங்கில நண்பர்களே போதும் என்று இருந்துவிட்டால் என்ன?

பதில்: அறுபது வயதில் போதும், எண்பதில் போதாது. அந்த வட்டத்தில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள். ஒருவர் நோய்வாய்ப்பட்டுப் பிள்ளைகள் இருக்கும் ஊருக்குத் திரும்புவார், ஒருவர் பேரக்குழந்தைக்காகப் போவார். வட்டம் ஆண்டுதோறும் சிறுக்கும். தம்பதியரில் கார் ஓட்டுவதும் பிரெஞ்சு பேசுவதும் ஒருவரே என்றால் நிலைமை இன்னும் மோசம். அவர் இறந்தால் மற்றவர் பேருந்து வராத ஊரில் பேச்சற்று நின்றுவிடுகிறார். ஆங்கிலத்தில் ஆறுதல் தரும் அமைப்புகள் உண்டு: புற்றுநோயாளிகளுக்குத் துணைநிற்கும் கேன்சர் சப்போர்ட் பிரான்ஸ், தொலைபேசியில் காது கொடுத்துக் கேட்கும் எஸ்ஓஎஸ் ஹெல்ப். அவர்கள் செய்வது பெரிய தொண்டு. ஆனால் பனி விழுந்த காலையில் ஜன்னல் திறக்கவில்லையே என்று வந்து பார்ப்பவர் எதிர்வீட்டு விவசாயிதான். ஆகவே ஆங்கில நட்பும் வேண்டும், அதை வைத்துக்கொண்டே வாரம் ஒருமுறையாவது பிரெஞ்சில் பழகவும் வேண்டும். கணவனும் மனைவியும் இருவருமே பழக வேண்டும்.

கேள்வி: தனியாக இருக்கும் முதியவருக்கு அரசு ஏதாவது செய்கிறதா?

பதில்: செய்கிறது. 2003 கோடையின் கடும் வெப்பத்தில் பிரான்ஸில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். அதற்குப் பின், தனித்து வாழும் முதியோரின் பதிவேடு ஒன்றை ஊராட்சி அலுவலகங்கள் வைத்திருக்கின்றன. 65 வயதைக் கடந்தவர் கேட்டுப் பதிந்துகொள்ளலாம். வெப்ப எச்சரிக்கை வந்தால் நலமா என்று விசாரிப்பார்கள். அழைப்பு பிரெஞ்சில்தான் வரும். பதிவுப் படிவத்தில் அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர் யார் என்றும் கேட்பார்கள். லண்டனில் இருக்கும் மகனின் எண்ணோடு எதிர்வீட்டாரின் எண்ணையும், அவரிடம் கேட்டுக்கொண்டு, எழுதிக் கொடுப்பது நல்லது.