பெரிய ஸ்பானர் போதுமா?

கேள்வி: டிராக் ரேஸ் காரில் ஃபிளைவீல் போல்ட்டுகளை எவ்வளவு முறுக்கினாலும் கழன்றுவிடுகின்றன. இன்னும் பெரிய ஸ்பானர் வாங்கலாமா?
– வாசகர், அனுப்பம்பட்டு

பதில்: பக்கத்துச் சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் கார்கள் சீறிய மண் அல்லவா! 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் புதுப் பந்தயத் தடம் திறந்த பிறகும் உங்கள் பக்கத்துக் காற்றில் பெட்ரோல் வாசனை மிச்சம் போலிருக்கிறது. ஸ்பானரை விடுங்கள். ஃபிளைவீலைப் பிடித்து வைப்பது போல்ட்டின் தடிமன் அல்ல. போல்ட் இழுபட்டு நெருக்கும்போது ஃபிளைவீலுக்கும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் இடையில் உண்டாகும் உராய்வு. கிளட்சைச் சட்டென்று விடும் கணத்தில் அந்த உராய்வு தோற்றால் ஃபிளைவீல் மயிரிழை நழுவும். இப்படிப் பக்கவாட்டில் ஆட்டம் கண்ட போல்ட் தானாகவே கழலும் என்று 1969-இலேயே யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சோதித்துக் காட்டிவிட்டார்.

“டார்க் ரெஞ்சில் அளந்துதானே முறுக்கினேன்” என்பீர்கள். அந்த முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை மரையிலும் போல்ட் தலைக்கடியிலும் உள்ள உராய்வே விழுங்கிவிடுகிறது. மரையில் துருவோ அழுக்கோ இருந்தால் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும், போல்ட்டோ தளர்ந்தே இருக்கும். ஸ்பானரின் பிடியில் குழாய் மாட்டி இன்னும் முறுக்கினால் போல்ட் நிரந்தரமாக நீண்டு, பிடியை இழக்கும். மரைப் பசை? நல்லதுதான், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டாது. பல என்ஜின்களில் போல்ட் துளை கிராங்க்கேஸுக்குள் திறப்பதால் எண்ணெய் அங்கே கசியும். ஆகவே மரைகளையும், ஃபிளைவீலும் கிராங்க் ஷாஃப்ட்டும் தொடும் இரண்டு முகங்களையும் எண்ணெய், பெயின்ட், பிசிறு இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். ஃபிளைவீலை இடம் பிசகாமல் நிறுத்தும் டோவல் பின்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன புதுப் போல்ட்டுகளை, அவர் சொன்னபடி எண்ணெயிட்டோ உலர்வாகவோ, குறுக்கும் நெடுக்குமாகப் படிப்படியாக இறுக்குங்கள். பந்தயத்துக்கு முன், ஃபிளைவீல் உடைந்தால் சிதறும் துண்டுகளைத் தடுக்கும் ஸ்கேட்டர் ஷீல்டும் மாட்டுங்கள். உங்கள் கால்கள் ஃபிளைவீலுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன.