இரட்டை அம்புப் பெரியப்பா

எல்லாக் குடும்பத்திலும் ஒரு பெரியப்பா இருக்கிறார். உறவுமுறையில் அவர் மாமாவாகவோ சித்தப்பாவாகவோ மாடி வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தாராகவோ இருக்கலாம். பெரியம்மா வடிவிலும் கிடைப்பார். இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றுவதற்குள் மனசு மாறிவிடும் என்று, எண்ணெய்க் கிண்ணத்தை இடது கையாலேயே தானம் கொடுத்த கர்ணன் கதை நமக்குத் தெரியும். பெரியப்பாவும் அந்தக் கட்சிதான். வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துப் பார்ப்பதற்குள் மனசு மாறிவிடக் கூடும் என்று, படிக்காமலேயே அனுப்பிவிடுவார்.

அதிகாலை நாலரைக்குக் கடை திறக்கும். முதல் சரக்கு காலை வணக்கம்: ரோஜாப்பூ, சூரியோதயம், ஆவி பறக்கும் காபி, அதன் மேல் அப்துல் கலாம் ஒருநாளும் சொல்லியிராத ஒரு பொன்மொழி. 2018 ஜனவரியில் அமெரிக்காவின் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகை இதைப் பற்றி எழுதியது. இந்தியர்களின் போன் ஏன் இப்படி அடிக்கடி மூச்சு முட்டி நின்றுபோகிறது என்று கூகுள் ஆராய்ந்ததாம். அகப்பட்ட குற்றவாளி இந்தக் காலை வணக்கம். அதைத் தேடிப் பிடித்து அழிக்கத் தன் செயலியில் ஒரு வசதியே செய்துகொடுத்தது. பெரியப்பா அந்தச் செய்தியையும் விடவில்லை. ‘உலகையே திரும்பிப் பார்க்க வைத்த இந்தியர்கள்’ என்று தலைப்புப் போட்டு, ஒரு தாமரைப் பூவோடு அனுப்பிவைத்தார்.

அவர் உறுப்பினராக உள்ள குழுக்கள்: சொந்தபந்தம், பழைய ஆபீஸ், பள்ளித் தோழர்கள், காலை நடை, கும்பாபிஷேகக் கமிட்டி. எந்தக் குழுவுக்கு எது என்ற பாகுபாடு அவரிடம் கிடையாது. மூட்டுவலி வைத்தியம் பேரப்பிள்ளைகளுக்கும், நீட் தேர்வுக் குறிப்புகள் காலை நடைக்காரர்களுக்கும் போகும். பழைய ஆபீஸ் குழுவில் ஒருநாள் ‘நமது ஹெட் கிளார்க் இன்று அதிகாலை இயற்கை எய்தினார்’ என்று வந்தது. அதற்கு நேர்கீழே பெரியப்பாவின் அன்றைய சரக்கு வந்து விழுந்தது: ‘வயிறு குலுங்கச் சிரிக்க இதைப் பாருங்கள்’. அதைப் பார்த்து மூன்று பேர் கைகூப்பிக் கும்பிடு போட்டிருந்தார்கள். கும்பிடு மேலே உள்ளதற்கா, கீழே உள்ளதற்கா என்பது இன்றுவரை தீராத வழக்கு.

டி.வி.யில் நல்லது எதுவும் வந்தால் பெரியப்பாவுக்குத் தாங்காது. அதே நிகழ்ச்சி யூடியூபில் முழுசாகக் கிடைக்குமே என்றால் கேட்க மாட்டார். போனைக் குறுக்கே பிடித்து, டி.வி.யையே படம் பிடிப்பார். தஞ்சைப் பெரிய கோயில் பற்றி அப்படி ஒரு பதிவு எனக்கு வந்தது. திரையில் விமானம் நிமிர்ந்து நிற்கிறது; ஜன்னல் வெளிச்சம் பட்டு அதன் பாதி வெளுத்துக் கிடக்கிறது. ராஜராஜன் கல்வெட்டைப் பற்றி வர்ணனையாளர் ஆரம்பிக்கும்போது குக்கர் முதல் விசில் அடிக்கிறது. நந்தி வரும்போது இரண்டாவது விசில். ‘மூணாவது விசில்ல அணைக்கச் சொன்னேனே, காதுல விழல?’ என்று பெரியம்மாவின் குரல். அதோடு படம் ஒரு குலுங்கு குலுங்கி, கூரையில் சுற்றும் மின்விசிறியைக் காட்டி முடிகிறது. ஐந்து குழுக்களும் பார்த்தன. கோயிலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. குக்கரில் என்ன என்றுதான் கேட்டார்கள்.

படத்தொகுப்பு அனுப்புவதில் அவருக்குக் கணக்கே கிடையாது. ‘அரிய புகைப்படங்கள்’ என்று ஆரம்பித்தால் உங்கள் போனின் சார்ஜ் தீரும்வரை வந்துகொண்டிருக்கும். அவற்றில் ஒன்று தீபாவளிக்குத் தீபாவளி தவறாமல் வருகிறது: தீபாவளி இரவில் நாசா எடுத்த இந்தியா, சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பளபளவென்று. உண்மையில் அது ஓரிரவில் எடுத்த படமே அல்ல. நகரங்களின் விளக்கொளி 1992-லிருந்து 2003 வரை எப்படிப் பரவியது என்று காட்ட, அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் பல ஆண்டுச் செயற்கைக்கோள் பதிவுகளை வெவ்வேறு நிறமிட்டு அடுக்கிய வரைபடம். 2012-இல் நாசாவே அசல் தீபாவளி மாதத்துப் படத்தை வெளியிட்டு, நம் வாணவேடிக்கை வெளிச்சம் விண்வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் படுகிற அளவுக்குக் கூட இல்லை என்று சொல்லிவிட்டது. பெரியப்பாவுக்கு இதில் நாசா மீதுதான் வருத்தம். ‘அவங்களுக்குப் பொறாமைடா.’

இன்னொன்று நாகபுஷ்பம். இமயமலையில் 36 ஆண்டுக்கு ஒருமுறை பூக்குமாம். பார்ப்பதற்கு ஆதிசேஷன் படமெடுத்தது போலவே இருக்குமாம். அந்தப் படத்தில் இருப்பது பூவே அல்ல, செடியும் அல்ல. கடலடியில் மணலில் ஊன்றி நிற்கும், பவளத்துக்குத் தூரத்துச் சொந்தமான ஓர் உயிர். கடலுக்கு அடியில் இருந்ததை இமயமலை உச்சிக்கு ஏற்றிவிட்ட புண்ணியம் பெரியப்பா போன்ற நல்லவர்களைச் சேரும்.

2016 நவம்பரில் இரண்டாயிரம் ரூபாய் நோட்டு வந்தபோது, அதற்குள் ஒரு சிப் இருக்கிறது, 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் சாட்டிலைட் கண்டுபிடித்துவிடும் என்று சொன்னவரும் இவர்தான். ரிசர்வ் வங்கி மறுத்தது. 2023 மே மாதம் அந்த நோட்டையே புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. ‘பெரியப்பா, நோட்டைத் திருப்பிக் கொடுத்தாச்சே, சிப்பை என்ன பண்ணுவாங்க?’ என்று கேட்டேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: ‘அதை எல்லாம் வெளியில சொல்ல மாட்டான்.’

வாட்ஸ்அப் வந்துதான் பெரியப்பா இப்படி ஆனார் என்று சொல்வது அவர் வம்சத்துக்கே இழுக்கு. ‘இந்தக் கடிதத்தைப் பத்துப் பேருக்கு எழுதாவிட்டால் ரத்தம் கக்குவாய்’ என்று அஞ்சலட்டை போட்டவர் இவருடைய அப்பா. அந்தக் காலத்தில் கை வலிக்க எழுத வேண்டும், கார்டுக்குக் காசும் கொடுக்க வேண்டும். அதனாலேயே நாடு பிழைத்தது. டீக்கடையில் தினத்தந்தியைச் சத்தமாகப் படித்து, நடுவில் சொந்தச் சரக்கையும் சேர்த்துவிட்டவர் இவருடைய மாமா. 1995 செப்டம்பர் 21-ஆம் தேதி பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று கிளம்பிய சேதி, வாட்ஸ்அப்பும் இல்லாமல் கையில் செல்போனும் இல்லாமல், ஒரே நாளில் நாடு முழுக்கப் பரவி வெளிநாட்டுக்கும் போனது. அன்றைக்கு எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்றவர்களில் பெரியப்பாவும் ஒருவர்.

இவரைக் கட்டுப்படுத்த வாட்ஸ்அப் நிறுவனமும் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தது. காரணம் சிரிக்கிற விஷயமல்ல. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி 2018-இல் நாடெங்கும் உயிர்களைக் குடித்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம், வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகத் தாக்கப்பட்டு, வயதான பெண்மணி ஒருவர் இறந்தே போனார். அந்த வதந்தியைத் தள்ளிவிட்டவர்களில் பெரும்பாலோர், பிள்ளைகள் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்த பெரியப்பாக்களாகத்தான் இருந்திருப்பார்கள். அந்த ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு தகவலை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. பெரியப்பா ஐந்தைந்தாக அனுப்பக் கற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு, பல கை மாறி வந்த தகவலுக்கு மேல் இரட்டை அம்புக்குறி போட்டார்கள், யோசித்துவிட்டு அனுப்பு என்பதற்காக. பெரியப்பாவோ அதைத் தர முத்திரை என்று எடுத்துக்கொண்டார். ‘ரெண்டு அம்பு இருக்கு பாரு, பெரிய செய்திடா!’ ஒற்றை அம்போடு வருவதை அவர் இப்போது அவ்வளவாக மதிப்பதில்லை. 2020 ஏப்ரலில், இரட்டை அம்புத் தகவலை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று மேலும் இறுக்கினார்கள். அதனால் என்ன? ஓய்வுபெற்றவரிடம் இல்லாதது எதுவாக இருந்தாலும், நேரம் இருக்கிறது.

அவரிடம் ‘இது பொய், பெரியப்பா’ என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. கோபப்பட மாட்டார், மறுக்கவும் மாட்டார். ‘அப்படியா? எனக்கு வந்துச்சு, போட்டேன்’ என்பார். அவர் மனம் நொந்து ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அவர் அனுப்பிய அதே வீடியோவை, அவருக்கு முன்பே கோயம்புத்தூர் மாப்பிள்ளை போட்டிருந்தார். இரண்டு நாள் குழுவில் பெரியப்பாவின் சத்தமே இல்லை. அவருக்கு வேண்டியது உண்மையும் அல்ல, பொய்யும் அல்ல, முதல் இடம். விசேஷ வீட்டில் யாராவது ஒரு சங்கதியைச் சொல்ல ஆரம்பித்ததும் ‘அதை நான் காலையிலேயே போட்டுட்டேனே, பாக்கலியா?’ என்று கேட்கிற அந்த ஒரு நொடிக்காகத்தான் நாலரை மணிக்கு எழுந்திருக்கிறார்.

இது புரிந்த பிறகு வழி சுலபமாகிவிட்டது. போன வாரம் நாகபுஷ்பம் மறுபடி வந்தபோது நான் மறுப்பு எழுதவில்லை. அவருக்கு மட்டும் தனியாக ஒன்று அனுப்பினேன்: ‘அதிர்ச்சித் தகவல்! நாகபுஷ்பம் பூவே அல்ல, கடலுக்கு அடியில் வாழும் உயிரினம்! எந்த டி.வி.யும் இதைச் சொல்லாது. அதிகம் பகிரவும்.’ விஷயம் முழுக்க உண்மை. உடுத்திவிட்ட சட்டை மட்டும் அவருடையது.

கால் மணி நேரத்தில் ஐந்து குழுக்களிலும் வந்துவிட்டது. முதல் நாள் பூவுக்கு ‘ஓம் நமசிவாய’ போட்ட அதே கைகள், கடல் உயிரினத்துக்கும் ‘ஓம் நமசிவாய’ போட்டன. என் வாசகம் அப்படியே இருந்தது. கடைசியில் மட்டும் பெரியப்பா தன் கைச்சரக்காக ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘நாசா உறுதி செய்தது.’

சாயங்காலம் போன் வந்தது.

‘ஏம்ப்பா, அந்த நாகபுஷ்பம் மேட்டர் பாத்தியா? நம்ம குரூப்புல நான்தான் ஃபர்ஸ்ட்டு.’