ஆட்டிப் பாருங்க!

என் மிடி கண்ட்ரோலருக்குச் சொந்தக் குரல் கிடையாது. பார்த்தால் கீபோர்டு. ஆனால் எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தி வாசித்தேன், எப்போது விரலை எடுத்தேன் என்று லேப்டாப்பிடம் கோள் சொல்வது மட்டுமே அதன் உத்தியோகம். வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் லேப்டாப்புக்குள் குடியிருக்கின்றன. நடுவில் ஒரு யூஎஸ்பி வயர். ஆக, கல்யாண ரிசப்ஷன்களில் நான் வாசிப்பதாக ஊர் நம்புவதெல்லாம் அந்த வயர் போட்ட பிச்சை.

வயருக்கென்று ஒரு கோணம் உண்டு. அந்தக் கோணத்தில் இருந்தால் வாசிக்கும். இம்மி நகர்ந்தால் மௌன விரதம். கோணத்தைக் காப்பாற்ற எங்கள் மெல்லிசைக் குழுவே பாடுபட்டது. மடித்த பஸ் டிக்கெட், தீக்குச்சி, ரப்பர் பேண்ட், செல்லோ டேப் என்று எல்லாம் சாக்கெட்டுக்குள்ளும் வெளியிலும் ஏறின. பேட் வாசிக்கும் தம்பி ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் போதும், கோணம் கலைந்துவிடும். "அண்ணே, லேசா ஆட்டிப் பாருங்க" என்பான், கை நிறுத்தாமலே.

சத்தம் நின்றுபோவதுகூடப் பரவாயில்லை. நிற்காமல் போவதுதான் கொடுமை. கட்டையை அமுக்கினால் ஒரு செய்தி, விட்டால் இன்னொரு செய்தி என்று மிடி தனித்தனியாக அனுப்பும். முதல் செய்தி போய், அடுத்தது கிளம்புவதற்குள் வயர் விட்டுப்போனால், நான் இன்னும் அமுக்கிக்கொண்டே இருப்பதாக லேப்டாப் நினைத்துக்கொள்ளும். மென்பொருளில் இதற்கென்றே பேனிக் என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். பதறும் நேரத்தில் அது மட்டும் கண்ணில் படாது.

ஒரு ரிசப்ஷனில், மொய்க் கவரோடு வரிசை நகர்ந்துகொண்டிருந்தபோது பஞ்சமம் இப்படித்தான் சிக்கிக்கொண்டது. இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன், அப்போதும் வாசித்தது. முன்வரிசைக் குழந்தைகள் கைதட்டின. எங்கள் பாடகர் சமயோசிதக்காரர். அதையே சுருதியாக வைத்துக்கொண்டு கண்ணை மூடி விருத்தம் போல ஒன்றை இழுத்தார். பெண்ணின் மாமா மேடையேறி வந்து, "ஆலாபனை பிரமாதம்" என்று என் கையைக் குலுக்கினார். வயரின் கையை அல்லவா குலுக்கியிருக்க வேண்டும்!

1983இல் மிடி வந்தபோது அதற்கு வட்டமான, தடித்த ஐந்து முனைப் பிளக் கொடுத்தார்கள். ஐந்தில் மூன்றுதான் வேலை செய்யும். இரண்டு சும்மா இருக்கும். எந்தக் குழுவிலும் இருக்கிற விகிதம்தான். பின்னால் வந்த சின்ன கண்ட்ரோலர்கள் பலவற்றில் மைக்ரோ யூஎஸ்பி. 10,000 முறை செருகி எடுத்தாலும் தாங்க வேண்டும் என்பது அதன் விதி. நேராகச் செருகி நேராக எடுப்பவர்களுக்கான கணக்கு அது. வயரில் கால் இடறி, தாம்பூலப் பையோடு மேடையில் விழப்போகிற சித்தப்பாக்கள் அதில் வரமாட்டார்கள்.

கடைசியில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ஒரு மெக்கானிக் என் கண்ட்ரோலரைத் திறந்தார். "வயர் நல்லாத்தான் இருக்கு சார். சாக்கெட்தான் போர்டை விட்டு எழுந்திருச்சு." உள்ளே பார்த்தேன். பஸ் படிக்கட்டில் நுனிக்காலில் தொங்குகிறவனைப் போல, நாலைந்து பொட்டு ஈயத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது சாக்கெட். ஈயம் மின்சாரத்தைக் கடத்தப் பிறந்தது. அதன் தலையில் நாங்கள் பாரத்தையும் ஏற்றியிருந்தோம்.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஃபிளக்ஸ் தடவி, புதுச் சாக்கெட்டைச் சால்டர் செய்தார். வேலை முடிந்தது என்று பர்ஸை எடுத்தேன். அவர் நிறுத்தவில்லை. வயரை ஒரு வளையம் சுற்றிச் சற்றே தளர்வாக விட்டு, கீபோர்டின் உடம்போடு சேர்த்து ஒரு கேபிள் டை போட்டார். "இனி எவன் இழுத்தாலும் டைதான் தாங்கும். சாக்கெட் வரைக்கும் போகாது. அங்க லூசாவே இருக்கட்டும் சார், இறுக்கினாத்தான் பிச்சுக்கும்." ஒரு குழுவே சேர்ந்து இறுக்கி இறுக்கிக் கெடுத்ததை அந்த ஒரு விரல் நீளத் தளர்வு சரிசெய்துவிட்டது.

போன வாரம் அந்த மாமா போன் செய்தார். இளைய பெண்ணுக்கும் கல்யாணமாம்; எங்கள் கச்சேரியேதான் வேண்டுமாம். ஒரே நிபந்தனை, அந்த ஆலாபனை கட்டாயம் இருக்க வேண்டும். "கவலைப்படாதீங்கண்ணே, நான் ஆட்டுறேன்" என்று தம்பி தயாராக இருக்கிறான். எவ்வளவு ஆட்டினாலும் விடாது என்பதுதான் இப்போதைய பிரச்சினை.